சனிக்கிழமைத் தூசி

"போன வாரத்தை விட இந்த வாரம் கருப்பு ஜாஸ்தி போலிருக்கே, ஹெர் டோலிங்கர்?"

கார் கழுவும் நிலையத்தின் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஃப்ராவ் கெம்ப் இப்படிச் சொன்னபோது, எக்பெர்ட் டோலிங்கர் தன் காரின் முன்சக்கரத்துக்கு எதிரே முழங்காலிட்டு, பிரேக் பேடு தேய்ந்து சக்கரத்தில் படிந்த கருந்தூசியை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். காது மடல் வரை சிவந்துபோனார்.

வீட்டு வாசலில் கார் கழுவினால் அழுக்குத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் என்று ஹோல்ஸ்பெர்க் நகராட்சி தடை போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கழுவும் நிலையத்துக்கே விடுமுறை. ஆகவே ஊரே சனிக்கிழமை காலையில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கூடி, காசு போட்டு, ஆளுக்கொரு தடுப்பில் நின்று தேய்த்தது. டோலிங்கருக்கு மூன்றாம் தடுப்பு, ஃப்ராவ் கெம்புக்கு நான்காவது. யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை; இரண்டு வருடமாக அப்படியே அமைந்துவிட்டது.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் டோலிங்கர். மனைவி இறந்து ஆறு வருடம். வாரத்தில் ஆறு நாளும் அவர் குரலைக் கேட்பது ரொட்டிக் கடைப் பெண் ஒருத்திதான். அவளிடமும் "ரெண்டு குடுங்க, நன்றி" என்பதோடு சரி. சனிக்கிழமைதான் பேச்சு. நான்கு சக்கரத்தையும் தேய்த்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் மழை, முழங்கால் வலி, தக்காளிச் செடியில் விழுந்த பூச்சி, ஃப்ராவ் கெம்பின் செத்துப்போன கணவர் குறட்டை விட்ட விதம் எல்லாம் வந்து போகும். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காகத்தான் அவர் சட்டை இஸ்திரி போட்டார்.

ஆனால் இதுவரை ஃப்ராவ் கெம்பின் முதற்பெயரைக் கேட்டதில்லை. காபி சாப்பிட அழைத்ததில்லை. அழைக்க ஒரு காரணம் வேண்டாமா? அந்த ஊரில் காரணமில்லாமல் ஒருவரைக் காபிக்குக் கூப்பிடுவதும், அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் ஒன்றுதான்.

இப்போது அந்த அம்மாளே சக்கரம் கருப்பு என்று சொல்லிவிட்டார். அழுக்குப் பிடித்த மனுஷன் என்று நினைத்துவிட்டார் என்றே டோலிங்கர் முடிவு கட்டினார்.

திங்கட்கிழமை காலை பட்டறை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"தூசி வராத பிரேக் பேடு வேணும்."

"இருக்கு," என்றார் மெக்கானிக் ஜெவ்தெத். "ஆனா வெல கம்மியா வேணும்னா, தூசி கொறையுற மாதிரியே பிடிப்பும் கொஞ்சம் கொறையும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

வாழ்நாள் முழுக்கத் தராசு பார்த்தவருக்கு இப்படி ஓர் அளவு பிடிக்கவில்லை. இருந்தாலும் பெட்டியில் அரசாங்க அங்கீகார எண் அச்சிட்டிருந்தது. முத்திரை இருந்தால் அவருக்குப் போதும். மாட்டச் சொன்னார்.

மறுநாள் பாதசாரிகள் கடக்கும் இடத்தில் பிரேக்கை மிதித்தார். கார் அதைப் பற்றிச் சற்று யோசித்துவிட்டு, வெள்ளைக் கோடுகளில் பாதியைத் தாண்டி நின்றது. நடைவண்டி தள்ளி வந்த ஒரு முதியவர் பானெட்டை விரலால் தட்டினார்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்."

"தெரியும்ங்க. கால் நின்னுடுச்சு, வண்டிதான் நிக்கல."

அதற்குப் பிறகு மலைச்சாலையில் இறங்கவே பயந்து, ரொட்டிக் கடைக்குப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றிப் போனார்.

"பிடிப்பு வேணும்," என்றார் ஜெவ்தெத்திடம்.

"பந்தயக் கார் ஓட்டுற பசங்க போடுறது ஒண்ணு இருக்கு. பிடிச்சா விடாது."

விடவில்லைதான். முதல் சிக்னலிலேயே பின்சீட்டில் இருந்த முட்டைகள் முன்சீட்டுக்கு வந்துவிட்டன. கூடவே பேடு கிறீச்சிட்டது. தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. மறுநாள் வைப்பருக்கு அடியில் ஒரு காகிதம்: "மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஓய்வு நேரம். அந்த நேரத்தில் பிரேக் போடுவதைத் தவிர்க்கவும். அண்டை வீட்டார்."

தூசியோ மூன்று மடங்கு. சனிக்கிழமை சக்கரங்கள் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன.

"இன்னைக்கு முக்கா மணி நேரம் ஆகும் போலிருக்கே," என்றார் ஃப்ராவ் கெம்ப், சிரித்துக்கொண்டு.

கேலி செய்கிறார் என்றே டோலிங்கர் எடுத்துக்கொண்டார். குனிந்த தலை நிமிராமல் தேய்த்துவிட்டுப் போனார்.

"இனி வெலையைப் பாக்கப் போறதில்ல," என்றார் திங்கட்கிழமை.

"அப்ப செராமிக். தூசி இல்ல, சத்தம் இல்ல, மிதிச்ச எடத்துல நிக்கும். மொதல் முந்நூறு கிலோமீட்டர் மட்டும் மெல்லப் பிடிச்சு ஓட்டுங்க. பேடு தான் பிடிக்கிற டிஸ்க்கோட பழகணும்."

டோலிங்கர் தனியாக ஏரி வரை ஓட்டிப் போனார். கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டார். பிரேக் உண்மையிலேயே அருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு பேடும் டிஸ்க்கும் பழக முந்நூறு கிலோமீட்டர் போதுமாம் என்று நினைத்துக்கொண்டு, டப்பாவை மூடி வைத்தார்.

சனிக்கிழமை அவர் சக்கரங்கள் பளபளத்தன. ஃப்ராவ் கெம்ப் பிரஷ்ஷும் கையுமாக நின்று பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கே."

"செராமிக் பேடு."

"அப்ப உங்களுக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுமே."

"மூணே நிமிஷம்," என்றார் டோலிங்கர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

சொன்னபடியே மூன்று நிமிடத்தில் முடிந்தது. பின்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. முடித்தவர் நகர வேண்டும். அது எழுதாத சட்டம், எழுதிய சட்டத்தைவிடக் கறாரானது. டோலிங்கர் நகர்ந்தார். வெளியே வந்த பிறகுதான், இன்று தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைத்தது.

அடுத்த வாரம் இன்னொரு காசு போட்டு, சுத்தமான சக்கரத்தையே மறுபடி கழுவினார். பின்வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"அது சுத்தமாத்தான் இருக்கு, பாத்தாச்சு."

அதற்கடுத்த சனிக்கிழமை நான்காம் தடுப்பில் வேறு யாரோ ஒரு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மறு சனிக்கிழமையும் ஃப்ராவ் கெம்ப் வரவில்லை. அதற்கு மறு சனிக்கிழமையும் இல்லை. தொலைபேசிப் புத்தகத்தில் பதினோரு கெம்ப் இருந்தார்கள். முதற்பெயர் தெரியாதவர் எந்த கெம்பைக் கூப்பிடுவார்? கூப்பிட்டுத்தான் என்ன சொல்வார், என் சக்கரம் சுத்தமாகிவிட்டது என்றா?

தன் பெருமைதான் அந்த அம்மாளை விரட்டியது என்று அவருக்குத் தோன்றியது. மறுபடி சக்கரம் கருத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினார். மலைச்சாலையில் பிரேக்கை மிதித்தபடியே ஏழு முறை இறங்கினார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். கீழே இறங்கிப் பார்த்தால் சக்கரம் கண்ணாடி போல மின்னியது. தோட்டத்து மண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தார். அது தண்ணீர் பட்ட அரை நிமிடத்தில் வழிந்துவிட்டது.

திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதைக் கழட்டிட்டு ஆரம்பத்துல இருந்த பேடையே போடுங்க."

ஜெவ்தெத் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், நிக்கலையா?"

"நல்லா நிக்குது."

"சத்தமா?"

"இல்ல. தூசி வரல."

"அதுக்குத்தானே போட்டோம்?"

"எனக்குத் தூசி வேணும்," என்றார் டோலிங்கர். "இருபத்தஞ்சு நிமிஷம் தேய்க்கிற அளவுக்கு வேணும்."

ஜெவ்தெத் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சுவரோரத்து அலமாரியைக் காட்டினார்.

"அதுக்கு நல்ல பேடை எதுக்குக் கழட்டணும்? மத்த வண்டிகள்ல கூட்டி எடுத்த பிரேக் தூசி அங்க மூணு டப்பா இருக்கு, எடுத்துட்டுப் போங்க. ஃப்ராவ் கெம்புக்குன்னு வச்சது, மூணு வாரமா ஆளைக் காணோம். அவங்க வண்டியிலயும் ரெண்டு வருஷமா இதே செராமிக்தான். வெள்ளிக்கிழமையானா எங்கிட்ட ஒரு டப்பா வாங்கிட்டுப் போய்த்தான் சக்கரத்துல பூசிக்கிறாங்க."