கோல் அடிக்காத மாப்பிள்ளை

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு சந்தேகப் பிராணி. மீன் வாங்கினால்கூட மூன்று தரம் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் என் தங்கச்சி, அதாவது உங்கள் ரெஜினா மாமிக்கு மாப்பிள்ளை விசாரித்த கதையை, மாமி இன்னும் ஊதிப் பெருப்பிக்கும் முன்னர், நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரான பேசாலையில் கால்பந்து அடிக்காத ஆண்பிள்ளை குறைவு. ஆகவே, அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பந்தடித்த டொமினிக்கின் சம்பந்தம் வந்ததும் வீடே பூரித்தது. படத்தைப் பார்த்தே ரெஜினாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அண்ணன்காரன் நான் சரி என்றால்தான் கலியாணம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

போனில் அவருடைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஃபுட்போல் என்கிறார்கள், ஆனால் பந்து முட்டை வடிவம். (அங்கேயே எனக்குச் சந்தேகம்.) ஒருவன் எறிகிறான், ஒருவன் பிடிக்கிறான், ஒருவன் கொண்டு ஓடுகிறான். டொமினிக்கோ குனிந்து நின்று, வருகிறவனை நெஞ்சில் கைவைத்து மறிக்கிறார். ஆட்டம் முழுக்க அதே வேலை. ஏழு வருடத்தில் மூன்று அணி மாறியிருந்தார். ஓரிடத்தில் நிலைக்காத ஆள் என்று குறித்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் எங்கள் கேற்றுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைந்தார். விரல்கள் கோணல். ஒரு முழங்கால் சரியாக மடியவில்லை. சண்டியன்தான் என்று முடிவுகட்டினேன். முற்றத்தில் போட்ட கதிரையில் அவர் மெதுவாக உட்கார, நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"எத்தினை கோல் அடிச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"பந்தையாவது தொட்டனீங்களோ?"

"இல்லை. எனக்குப் பின்னாலை பந்தோடை ஒருத்தன் நிப்பான். அவனிலை ஆரும் கை வைக்காமல் பாக்கிறதுதான் என்ரை வேலை. முழங்கால் போனதோடை விட்டிட்டன்."

பந்தையே தொடாதவனுக்கு யார் சம்பளம் கொடுப்பான்? பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோசம் எனக்கு. அந்த நேரம் பார்த்து ரெஜினா தேத்தண்ணித் தட்டோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"அப்ப மறிச்சுக் காட்டுங்கோ. அந்தத் தேத்தண்ணியை நான் எடுக்கிறன்," என்றேன்.

"வேண்டாமே அண்ணை," என்று எழும்பி நின்று கெஞ்சினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். (புத்தி எங்கே போனதோ.)

இடப்பக்கம் பாய்ந்தேன், அங்கே அவர் நின்றார். வலப்பக்கம் பாய்ந்தேன், அங்கேயும் அவரே. மூன்றாம் தரம் தலையைக் குனிந்துகொண்டு முழு வேகத்தில் போனேன். அவர் அடிக்கவில்லை, இடிக்கவும் இல்லை. என் நெஞ்சில் இரண்டு கைகளை வைத்து, அலுமாரி நகர்த்துவதுபோல் என்னைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு போனார். கேற்றடியில் அம்மா காயப்போட்டிருந்த கருவாட்டில் கால் தடக்கி மல்லாக்க விழுந்தேன். ஓடிவந்து தூக்கியவரும் அவர்தான்.

ரெஜினா தட்டைப் பார்த்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"அம்மா, எனக்குச் சம்மதம்," என்றாள்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல மூச்சு இருக்கவில்லை.

இன்றைக்கும் நான் யாரையாவது சந்தேகமாகப் பார்த்தால், மாமி மாமாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அண்ணா, தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்பாள். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பிள்ளைகளே, மாமா இன்றுவரை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.