செத்த காலேஜ் எதிரில், இரண்டாம் மாடி

இயேசு மரி சூசை துணை

விழுப்புரம்
10.8.1998

மரியாதைக்குரிய மச்சான் பாக்கியசாமி அவர்களுக்கு ராயப்பன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் நலம். திண்டிவனத்தில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜூன் 29, இராயப்பர் திருநாளன்று, பூசை முடிந்து வந்ததும், தீர யோசித்து, என் விலாசத்தில் இனி ‘சாக்கடை வாய்க்கால் சந்து’ என்ற சொற்கள் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருடம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தவன் நான். ஆளை யாரும் பார்ப்பதில்லை, விலாசத்தைத்தான் பார்க்கிறார்கள். ஜெர்லினுக்கு நீங்கள் பார்த்த பாலிடெக்னிக் மாப்பிள்ளையின் தாயார் சூசை மேரி அம்மாள், “சாக்கடைச் சந்துலயா பொண்ணு எடுக்கிறது?” என்று கேட்டதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். மகளுக்கு இருபத்தெட்டு முடிகிறது. ஆகவே, புதிதாகத் திறந்த இயற்கை அருங்காட்சியகத்துக்கு எதிரே அடுக்குமாடியில் வீடு பிடித்தேன். “குடும்பத்தோட வந்து பாக்கற எடம் சார்” என்றார் புரோக்கர்.

குடும்பத்தோடுதான் வருகிறார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பஞ்சு அடைத்த கரடி நம் குழம்பையே பார்க்கிறது. உங்கள் தங்கை ஜன்னலைத் திறப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் நானூறு பேர் வந்து இறங்கி, பாட்டிலில் இருக்கும் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டியைப் பார்த்துக் கத்திவிட்டு, நம் மாடிப்படியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்கிறார்கள். போன வாரம் ஒரு குடும்பம் வழி தவறிப் படியேறி வந்து, ஈஸிச்சேரில் தூங்கிக்கொண்டிருந்த என்னை ஐந்து நிமிடம் பார்த்திருக்கிறது. “இது உசுரோட இருக்குது, வாங்கடா” என்று அந்தப் பெண்மணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன சத்தத்தில்தான் விழித்தேன்.

அது போகட்டும். விலாசம் கவுரவமாக இருந்தது. ஒரே குறை, யாருக்கும் புரியவில்லை. அருங்காட்சியகம் என்றால் ஆட்டோக்காரர்கள் விழிக்கிறார்கள். மெட்ராசில் ஓட்டிவிட்டு வந்த ஒருவர்தான், “செத்த மிருகத்த நிக்க வெச்சிக்கினு இருக்காங்களே, அதானே? மெட்ராசுல அத்த செத்த காலேஜ்னுதான் சொல்லுவோம், அப்படியே சொல்லு பெரியவரே” என்றார். பெண் பார்க்க வரச் சொல்லி, அதையே சூசை மேரி அம்மாளுக்குக் கார்டில் எழுதினேன்: ‘பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி, செத்த காலேஜ் என்று சொன்னால் போதும், கொண்டுவந்து விடுவார்கள்.’

விட்டார்கள். ஆட்டோக்காரன் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து வந்து அன்றுதான் ஆட்டோ எடுத்தவனாம். ‘செத்த’ வரைக்கும் அவனுக்குப் புரிந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறை வாசலில் இறக்கிவிட்டான். பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக ஐந்து பேர். அங்கே நடந்ததை, பிறகு ஜெர்லினின் போட்டோவை அதன் பின்னால் எழுதிய விலாசம் பார்த்துத் திருப்பித் தர வந்த பிணவறை ஊழியர் லூர்து பிரகாஷ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் ரிஜிஸ்தரைத் திறந்து, “பேரு இன்னாங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“ஜெர்லின்.”

“வயசு?”

“இருபத்தெட்டுன்னாங்க. போட்டோ இருக்குது, பாருங்க.”

போட்டோவோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் வரலீங்கம்மா. உக்காருங்க, எப்படியும் கொண்டாந்துடுவாங்க” என்றிருக்கிறார்.

“அலங்காரம் பண்ணிக்கினு இருப்பாங்க” என்று சூசை மேரி அம்மாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். முதல் ஸ்ட்ரெச்சர் வந்தபோதுதான் எழுந்தாராம். போட்டோவையும் பழத்தட்டையும் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திண்டிவனம் போய்விட்டார்கள்.

நீங்கள் நேரில் போய், செத்த காலேஜ் கண்ணியமான இடம், அங்கே செத்தவை மிருகங்கள் மட்டுமே என்று விளக்க வேண்டும். நம் குடும்பத்துக்கும் பிணவறைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இனியும் இருக்காது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மகள் வாழ்க்கை உங்கள் வாயில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தங்கச்சிக்குத் தோத்திரம். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் தரைத்தள வீட்டிலேயே வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
ராயப்பன்

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்க மறந்து இக்கடிதம் மூன்று வாரம் இங்கேயே கிடந்துவிட்டது. சூசை மேரி அம்மாளிடம் போக வேண்டாம். லூர்து பிரகாஷ் போட்டோவைத் திருப்பிக் கேட்டு மறுபடியும் வந்தார். நிரந்தர வேலை. நேற்றுக் காலைப் பூசையில் அவருக்கும் ஜெர்லினுக்கும் கல்யாணம் என்று கோயிலில் முதல் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள்.