வெள்ளைத்துரைக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை

திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி நூறு அடி நடப்பதற்குள் வெள்ளைத்துரை மூன்று பேர் மேல் இடித்துவிட்டார். மூன்று பேருமே அவருக்கு வலது பக்கமாக வந்தவர்கள். மூன்றாவது ஆள் கையில் இருந்த காராச்சேவுப் பொட்டலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, "பொழுது சாயுறதுக்குள்ள ஆரம்பிச்சாச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைத்துரைக்கு அழுகை வராத குறைதான். அவர் குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. போன தீபாவளிக்கு மறுநாள் மனைவி வேலுத்தாயின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், அதற்குப் பிறகு அந்தக் கடை இருக்கும் தெருப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் அவர் வேலை பார்க்கும் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில், ஒன்றாம் தேதியிலிருந்து அவரைப் போர்மேன் ஆக்குவதாக மேனேஜர் ஜெயக்கொடி வாக்குக் கொடுத்திருந்தார். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் தள்ளாடுகிற ஆளைப் போர்மேனாக வைக்க ஜெயக்கொடிக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறே நாள்.

இந்த நேரம் பார்த்தா அந்த ஊசியைப் போட வேண்டும்? அன்று மத்தியானம் கம்பெனி ஆட்களை எல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய் டி.டி. ஊசி போட்டார்கள். காயம் பட்டால் ஜன்னி கண்டுவிடாமல் இருப்பதற்கான சாதாரணத் தடுப்பூசி. வெள்ளைத்துரையும் நர்ஸ் பியூலாவிடம் இடது கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்து வாங்கினார். போகும்போது நேராகப் போன மனிதர், வரும்போது கோணலாக வந்தார். நடக்க நடக்க உடம்பு வலது பக்கம் இழுத்தது. தலை கிறுகிறுத்தது. ஊசியைத் தவிர வேறு எதைக் குற்றம் சொல்வது?

வீட்டுக்கு அவர் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுத்த காப்பிக் கலர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அவர் உள்ளே வந்தார். அதற்குப் பதில் ஒரு குக்கர் கொடுத்திருக்கலாம் என்பது வேலுத்தாயின் நெடுநாள் குறை. இன்றைக்கு அவள் குறை வேறு.

"ஊதுங்க" என்றாள்.

ஊதினார். உளுந்தவடை வாசம் வந்தது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கச் சொன்னாள். நடந்தார். நூல் பிடித்தாற்போல் நடந்தார். அதுதான் வம்பாகப் போயிற்று.

"தெருவுல அம்புட்டுப் பேரையும் இடிச்சுப்புட்டு, வீட்டுக்குள்ள மட்டும் எம்புட்டு ஒழுங்கா நடக்கீக" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி ரசம்கூடக் கிடையாது.

மறுநாள் கம்பெனி வாசலில் அடுத்த சோதனை. வாட்ச்மேன் சங்கையா கறாரான ஆள். கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி, வருகிறவர்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்ப்பார். சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதிவிடுவார். வெள்ளைத்துரை ரோட்டிலிருந்து கேட்டுக்கு வருவதற்குள் இரண்டு தரம் வேலியோரம் போய்த் திரும்பியதைப் பார்த்து, "வெ.துரை, ஆட்டம்" என்று எழுதினார்.

கேட்டைத் தாண்டினால் யாரும் செருப்புப் போடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். எல்லோரும் வெறுங்காலோடு வேலைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்ட மேனேஜர், வேலை நடக்கும் ஷெட்டுக்கு வெளியே மறைந்து நின்று அரை மணி நேரம் பார்த்தார். வெள்ளைத்துரை சரவெடிப் பெட்டியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்து, ஒரு பக்கமும் சாயாமல் நடந்துகொண்டிருந்தார். மேனேஜர் குழம்பிப்போய்த் திரும்பினார். சாயங்காலம் அதே வெள்ளைத்துரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்த வேன் மேல் போய்ச் சாய்ந்தபோது இன்னும் குழம்பினார்.

மூன்றாம் நாள் வேலுத்தாய் அவரை நர்ஸ் பியூலா இருக்கும் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பியூலா கண்ணை மூடி நிற்கச் சொன்னார், நின்றார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், அப்படியும் நின்றார். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரி. ஊசி போட்டால் கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரும், சிலருக்குப் பயத்தில் பத்து நிமிடம் மயக்கம் வரும், இந்த மாதிரி வலது பக்கமாக மட்டும் வருகிற வியாதியைத் தான் படித்ததே இல்லை என்றார் பியூலா.

வெள்ளைத்துரை அந்த இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"எடது கையில போட்டதுனாலதான் சிஸ்டர் இப்பிடி. வலது கையிலயும் ஒண்ணு போட்டு விட்டுருங்க, ரெண்டு பக்கமும் சமமாயிரும்."

"ஏண்ணே, ஊசி என்ன தராசுப் படிக்கல்லா?" என்றார் பியூலா.

உடம்பில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டி, நான்கு எட்டு வைத்த வெள்ளைத்துரை கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உள்ளே ஒற்றைக் காலில் நின்ற மனிதர் வெளியே இரண்டு காலில் நிற்க முடியாமல் தவிப்பதை வேலுத்தாய் பார்த்தாள். பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஊசி சமமாக்காவிட்டால் நாமே சமமாக்கிக்கொள்வோம் என்று வெள்ளைத்துரைக்கு வீம்பு வந்தது. நான்காம் நாள் காலையில், வீட்டில் கிடந்த இரண்டு பழைய கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் பையில் போட்டு, இடது தோளில் மாட்டிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வேலை செய்தது. முக்கால்வாசி நேராக நடந்தார். என்ன, ஒவ்வொரு எட்டுக்கும் பாட்டில் இரண்டும் இடித்துக் கலீர் கலீர் என்றன. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கையாவுக்குக் காது கூர்மை. மேனேஜருக்குப் போன் போட்டார். ஊசி போட்ட நாளிலிருந்து சங்கையா எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் செய்தார். முதலாளி கார் வந்தபோதுகூட உட்கார்ந்தே சல்யூட் வைத்தார். ஊசி போட்ட அலுப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மேனேஜர் வந்து பையைப் பிரித்து, பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். வெறும் தண்ணீர். அதுவே வினையாகிவிட்டது. கலந்து குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறவன் மற்றதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று மூன்று பேர் வேலி முழுக்கத் தேடினார்கள். சாயாமல் இருக்கத்தான் தண்ணீர் என்று வெள்ளைத்துரை சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெயக்கொடி முடிவாகச் சொன்னார். நாளைக் காலையில் ரோட்டிலிருந்து கேட் வரைக்கும் சுண்ணாம்பில் கோடு போடப்படும். எல்லார் முன்னாலும் வெள்ளைத்துரை அதில் நடக்க வேண்டும். பையும் கூடாது, பாட்டிலும் கூடாது. கோணினால் போர்மேன் வேலை, கூட வேலை பார்க்கும் முனியராஜுக்கு.

காலையில் வேலுத்தாயும் கூட வந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் எழுபது பேர் கூடியிருந்தார்கள். முனியராஜ் புதுச் சட்டை போட்டிருந்தான். வேலுத்தாய் வெள்ளைத்துரையின் காதருகே வந்து மெதுவாகப் பேசினாள்.

"குடிச்சிருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிருங்க. திட்ட மாட்டேன்."

"இல்ல வேலு. உன் தலையில அடிச்சேன்ல."

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். ஒன்பது மாதம் முன்பு அந்தக் கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? "சரி, நடங்க. நான் நம்புறேன்" என்றாள். வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது, கோடு சரியாகத் தெரியவில்லை.

நேராக நடப்பது எப்படி என்று ஒரு ஆள் கூடவே நடந்து காட்டட்டும் என்றார் மேனேஜர். அதற்குச் சங்கையாவை விட்டால் யார்? சங்கையா கால் வலி என்றார், கேட்டை யார் பார்ப்பது என்றார். மேனேஜர் விடவில்லை. வேண்டாவெறுப்பாக எழுந்து வந்து வெள்ளைத்துரைக்கு வலது பக்கம் நின்றார்.

நடந்தார்கள். வெள்ளைத்துரை வலது பக்கம் சாய்ந்தார். சங்கையா இடது பக்கம் சாய்ந்தார். ஆறாவது எட்டில் இரண்டு தோளும் முட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒருவர் மேல் ஒருவர் முட்டுக்கொடுத்தபடி, கோட்டை ஒரு விரற்கடைகூட விலகாமல் கேட் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். எழுபது பேரும் கைதட்டினார்கள்.

மேனேஜர் மட்டும் தட்டவில்லை. "ரெண்டு பேரும் சேந்துதான் குடிக்கீகளா?" என்றார்.

சங்கையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தான் குடிப்பதில்லை என்றும், பிறந்ததிலிருந்தே இடது கால் அரை இஞ்சு குட்டை என்றும், சொன்னால் வேலை போய்விடுமோ என்று இத்தனை வருடம் மறைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"இம்புட்டு வருசமா நல்லாத்தானே நடந்தீரு? இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

"எடது செருப்புக்கு அடியில அரை இஞ்சு ரப்பர் வச்சுத் தச்சு நடந்துக்கிட்டு இருந்தேன் சார். அன்னைக்கு ஊசி போட்டுட்டு வெளிய வந்து பாத்தா, எவனோ என் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான்."