இருபது பேருக்கும் ஒரே மீன் குழம்பு

தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதே தெரியாமல், சூழ்நிலையைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவரும் எங்கள் பக்கத்து ரூமில்தான் இருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குப்பட்டில் ஏழுமலை அண்ணன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ரூம்களில், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்த்த தெற்கத்திப் பையன்கள் நாங்கள் அடைந்துகிடந்தோம். கடைசி ரூம் அவருடையது. பக்கத்தில் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லெக்சரர். கூடவே பார்ட் டைமில் பிஎச்.டி. எதைக் கேட்டாலும் "அது சூழ்நிலையைப் பொறுத்தது" என்பார். "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாலும் இதே பதில்தான். ஒரே வாரத்தில் அவர் சூழ்நிலை சார் ஆகிவிட்டார். சொந்தப் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

கரண்ட் போய், கம்ப்யூட்டர் அணைந்து, ஃபேன் நின்று பத்து நிமிஷம் ஆன பிறகும் டைப் அடித்துக்கொண்டிருப்பார். ஒரு ஆயுத பூஜை அன்று டக்-இன் பண்ணி காலேஜுக்குப் போனவர், பூட்டிய கேட்டைப் பார்த்து மாணவர்கள் ஸ்ட்ரைக் என்று முடிவு செய்து, "அவங்க கோரிக்கை நியாயமாத்தான் இருக்கும்" என்று வாட்ச்மேனிடம் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் ஆராய்ச்சி என்ன என்பதை ஏழுமலை அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"ஒரே வெப் பக்கம்தான் அண்ணே. ஆனா யாரு பாக்கறாங்க, எப்ப பாக்கறாங்க, அவங்களுக்கு இப்ப என்ன தேவைன்னு தானா புரிஞ்சுக்கிட்டு, ஆளுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும்."

"ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்திப் பேசறதுக்கு கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு சார்? எங்க ஊர்ல எலக்‌ஷன்ல நிக்கறவன் எல்லாம் அதத்தானே பண்ணிகினு கீறான்!"

சார் இதை மிகுந்த மரியாதையோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

சிரித்தாலும் விஷயம் என்னவோ கவலைக்கிடம்தான். பதிவு செய்து ஏழு வருஷம் ஓடிவிட்டது. வருகிற ஜூனுக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அத்தனை வருஷமும் தண்ணீரில் போகும். தீசிஸுக்கு இருபது நிஜ மனிதர்கள் அந்தப் பக்கத்தை மூன்று மாதம் தினமும் பயன்படுத்த வேண்டும். காலேஜ் பையன்களைக் கேட்டால் இன்டர்னல் மார்க் எவ்வளவு என்று பேரம் பேசினார்களாம். அதனால் எங்களிடம் வந்தார். நாங்கள் ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நாக்கு. சூழ்நிலை என்றால் இதுவல்லவா சூழ்நிலை என்று பூரித்துப்போனார். எனக்கு யூசர் ஏழு என்று நம்பர் கொடுத்தார்.

எங்களுக்காகவே பக்கத்தை வடிவமைத்தார். யாருக்கு எந்த ஷிப்ட், மெஸ்ஸில் இன்று என்ன, ஊருக்கு ரயில் எப்போது, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் வரும். ஷேர் ஆட்டோவுக்கு ஏது டைம் டேபிள்? நான்கு நாள் கூட்டு ரோட்டில் நோட்டும் கையுமாக நின்று, வருகிற ஆட்டோ நம்பரை எல்லாம் எழுதினார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று செய்தி பரவி, ஐந்தாம் நாள் ஒரு ஆட்டோகூட ரோட்டுக்கு வரவில்லை. நாங்கள் நடந்து வேலைக்குப் போனோம். சார் நோட்டில், "வெள்ளிக்கிழமை: ஆட்டோ இல்லை" என்று எழுதிவைத்தார். அதற்கப்புறம் பல மாதம் அந்த வெப் பக்கம் வெள்ளிக்கிழமை தோறும் எங்களை நடக்கச் சொன்னது.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு ஞாயிறு மதியம், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் முன் ஒரு பெரிய பிரிண்டவுட்டை விரித்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாருங்க யூசர் செவன், என்ன ஒற்றுமை! இருபது பேருமே காலைல ஏழரைக்கு வர்றீங்க. இருபது பேருமே தூத்துக்குடி ரயில் பாக்கறீங்க. இருபது பேருக்குமே மீன் குழம்புதான் பிடிக்குது!"

மெஸ்ஸை நடத்தியது ஏழுமலை அண்ணனின் சம்சாரம். பரிமாறுவது அண்ணன். கையில் சாம்பார் வாளியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் சொல்ற? இங்க மீனு துன்றவன் ஆறு பேரு. மீதி அல்லாரும் சாம்பாருதான். சட்டி நான்தானே தூக்கறேன், எனக்குத் தெரியாதா?"

எல்லோர் பார்வையும் சுயம்புவின் பக்கம் திரும்பியது. சுயம்பு தூத்துக்குடிக்காரன், நிரந்தரமாக ராத்திரி சி ஷிப்ட், மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"கோவப்படாதீய சார். அந்த இருவது பேரும் நான்தான்."

கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் லேட்டானால், முதலில் போகிறவன் மற்றவர்கள் அட்டென்டன்ஸ் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் பண்ணிவிடுவான். அது நட்புக்கு இலக்கணம். தினமும் கூட்டு ரோட்டு பிரௌசிங் சென்டருக்கு நடக்க எங்களுக்குச் சோம்பல். காலையில் ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வருகிறவன் சுயம்பு. இருபது பாஸ்வேர்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். அவன் ஒரு நாள்கூடத் தவறாமல் இருபது பேருக்கும் வருகை போட்டு, கையோடு தன் ஊர் ரயிலையும் மீன் குழம்பையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். சாருக்கு உதவி செய்கிறோம் என்று நாங்கள் மனசார நம்பினோம், சத்தியமாக.

சார் பிரிண்டவுட்டை மடித்தார். திட்டவில்லை. எழுந்து போய் ரூமைச் சாத்திக்கொண்டார். ஜூனுக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. அந்த மத்தியானம் எங்களில் ஒருவனுக்கும் சோறு இறங்கவில்லை. சுயம்புவுக்கு மீன்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் கதவைத் தட்டியது அவரேதான். சட்டை பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"மெஷின் கண்டுபிடிச்சிருச்சு! மூணாவது நாளே இருபது பேரையும் ஒரே ஆள்னு சேர்த்து வச்சிருக்கு. நான்தான் கவனிக்கல. இதையே ஒரு அத்தியாயமா எழுதிடறேன். நீங்க மட்டும் இனிமே ரெண்டு மாசம் அவங்கவங்களே போயிருங்க. அப்ப அது பிரிச்சுக் காட்டணும். காட்டிட்டா போதும்."

சுயம்பு தலையைச் சொறிந்தான். "எம் பேர மட்டும் எழுதிராதீய சார். கம்பெனில பஞ்ச் கார்டு விசயத்தயும் சேத்துக் கிளறிருவானுவ."

"எழுத மாட்டேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றார் சார்.

இரண்டு மாதம் நாங்களே போனோம். ஏ ஷிப்ட்காரன் மத்தியானம், பி ஷிப்ட்காரன் காலையில். வெப் பக்கம் ஒவ்வொருவனையும் அடையாளம் கண்டுகொண்டது. எனக்கு வத்தக்குழம்பு பிடிக்கும் என்று அது சொன்ன அன்று, பெற்ற தாய்க்கு அடுத்து இதற்குத்தான் தெரியும் என்று கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன். ஜூனில் தீசிஸ் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷம் வாய்மொழித் தேர்வு. சென்னையில் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அது பொதுவில்தான் நடக்குமாம். அந்த வெப் பக்கத்திலேயே அறிவிப்பு போட்டிருந்தார்: "யார் வேண்டுமானாலும் வரலாம்." மரியாதைக்குப் போட்டது. சுயம்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டான். "யார் வேணும்னாலும்னு போட்டிருக்கு. அப்போ நம்மளுந்தான்."

கடைசி வரிசையில் யூனிபாரத்தோடு உட்கார்ந்தோம். சார் நன்றாகத்தான் பேசினார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரான வயசான புரொபசர், அந்த ஒரே ஆள் அத்தியாயத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், எங்களுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிதானமாகக் கேட்டார். ஒரு மனிதன் மூன்று மாதம் தினமும் இருபது பேருக்காக உட்காருவானா? நம்பும்படி இல்லை. இந்த ஆள் நிஜமா, அல்லது நீங்களே உருவாக்கிய கணக்கா? யார் அவர்?

ஒரு பெயரைச் சொன்னால் முடிந்தது. சார் வேர்வையைத் துடைத்தார், எங்கள் பக்கம் மறந்தும் பார்க்கவில்லை, "அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை" என்றார். இத்தனை வருஷ உழைப்பும் அந்த மேஜையில் ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. சுயம்பு எழுந்து நின்றான்.

"ஐயா, அது நான்தான்."

ஹால் முழுக்கத் திரும்பியது. புரொபசர் தமிழுக்கு மாறினார். "நீங்களா? எதுக்குத் தம்பி அப்படிச் செஞ்சீங்க?"

"கூட்டாளிமாருக்கு நேரமில்ல. எனக்கு இருந்துச்சு. அவ்வளவுதான் ஐயா."

"மத்தவங்களும் வந்திருக்காங்களா?"

நாங்கள் ஒவ்வொருவராக எழுந்தோம். "பதினோரு பேரு வந்திருக்கோம். மிச்சம் ஒம்பது பேருக்கும் சேத்து நானே நிக்கேன் ஐயா" என்றான் சுயம்பு.

புரொபசர் சிரித்த சிரிப்பில் மேஜை மேல் இருந்த தீசிஸ் குலுங்கியது. அரை மணி நேரத்தில் பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார்கள்.

எல்லோரும் கைகுலுக்க முண்டியடிக்க, சார் நேராக எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. சுயம்புவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது இதுதான்:

"எப்படி வந்தீங்க? நம்ம வெப் பக்கத்துல ஆட்டோ டைம் பாத்தீங்களா? சரியா இருந்துச்சா?"

"எட்டே காலுக்குன்னு போட்டிருந்துச்சு சார். டாண்ணு வந்துருச்சு" என்றான் சுயம்பு. நாங்கள் பத்துப் பேரும் பலமாகத் தலையாட்டினோம்.

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் பட்டத்துக்குக்கூட அப்படி மலரவில்லை. கூட்டு ரோட்டில் முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்துவிட்டு, ஒரு ஜல்லி லாரியில் தொற்றிக்கொண்டு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்த கதையை இன்று வரை நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல மனசு வரவில்லை.