தாளப்பன் இப்போது எங்கே?

தாளப்பன் கப்பலேறிப் பதினேழு நாளாகியும் ஒரு வரி கடிதம் வரவில்லை.

நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் துக்க வீட்டு அமைதி நிலவியது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் குத்த வேண்டிய ஊசிகளுக்குப் பொறுப்பாளியான, அதனாலேயே குண்டூசி என்று பெயர் வாங்கிய சிறுமி எழுந்து நின்றாள்.

"சார், கப்பல் முழுகிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. உக்காரு."

"முழுகினா தாளப்பன் நனைஞ்சிருவான் சார். அட்டைதானே அவன்."

பூகோள வாத்தியார் சாக்பீஸைத் தேடுவதுபோல் குனிந்தார்.

தாளப்பன் என்பவன் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய ஒரு சாண் உயர மனிதன். மீசை, சட்டைப் பொத்தான், ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதும் எல்லாம் பிள்ளைகள் வரைந்தவை. அவன் உலகம் சுற்ற வேண்டும். வாரம் ஒரு கடிதம் போட வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் மூன்று துப்பு மட்டும் தர வேண்டும். பிள்ளைகள் அட்லஸைப் புரட்டி அவன் இருக்கும் நாட்டைக் கண்டுபிடித்து ஊசி குத்த வேண்டும். இதுதான் ஏற்பாடு. பதினாலு வருஷமாகத் தலைநகரங்களை ராகம் போட்டுச் சொல்லவைத்துப் பாதி வகுப்பைத் தூங்கவைத்த வாத்தியாருக்கு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நல்ல யோசனை வந்திருந்தது. இத்தனைக்கும் அவர் ஊர் எல்லையைத் தாண்டியது மூன்றே தடவை. மூன்றும் சாவுக்கு.

தாளப்பனைக் கொண்டுபோனவன் அவருடைய மைத்துனன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்துப் போயிருந்தான். பெற்றவர்கள் போன பிறகு, ஆறு வயதிலிருந்து அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான், அதாவது வாத்தியாரின் மனைவி. "எங்க குடும்பத்துல கடல் தாண்டுற முதல் ஆள்" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு, துறைமுக வாசலில் நின்று கை வலிக்கக் கையசைத்துவிட்டு வந்தாள். வந்ததும் சமையலறைச் சுவரில் ஒரு உலக வரைபடத்தை ஒட்டிச் சிவப்புப் பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டாள்.

ஆகவே வாத்தியாருக்குப் பகலில், "தாளப்பன் எங்க சார்?" சாயங்காலத்தில், "என் தம்பி எங்கங்க?"

பதினெட்டாம் நாள் அவரே உட்கார்ந்து கடிதம் எழுதினார். 'இங்கே மழை அபூர்வம். இங்குள்ள பெரிய நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஜனங்களெல்லாம் அந்த நதிக்கரையிலேயே நெருக்கியடித்து வாழ்கிறார்கள்.'

பத்து நிமிடத்தில் எகிப்தில் ஊசி குத்தப்பட்டது. வகுப்பே ஆர்ப்பரித்தது. வாத்தியாருக்கும் கண் கலங்கியது. அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஸ்கேல் என்ற நெட்டைப் பையன் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"சார், தாளப்பன் கையெழுத்து உங்க கையெழுத்து மாதிரியே இருக்கு."

"என்கிட்ட படிச்சவன்தானே? என் கையெழுத்துதான் வரும்."

"நாங்களும் உங்ககிட்டதானே சார் படிக்கிறோம்? எங்களுக்கு ஏன் வரல?"

"கவர்ல எகிப்து ஸ்டாம்பும் இல்ல சார்" என்றாள் குண்டூசி.

மறுநாள் சாயங்காலம் வெளிநாட்டு ஸ்டாம்ப் வாங்க, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய புத்தகக் கடைக்குப் போனார் வாத்தியார். கடைக்கு எதிரே ஒரு லாட்ஜ். அதன் வாசலில் ஏணி போட்டு ஒருவன் பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டைப்பையிலிருந்து ஒரு பெரிய கண்ணும் ஒரு சின்னக் கண்ணும் வாத்தியாரை எட்டிப் பார்த்தன.

வாத்தியார் அவனை அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"நீ கடல்லதானடா இருக்கணும்?"

"ஏறினேன் மாமா. ஏறினதும் வாந்தி."

"கடல்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்."

"கப்பல் இன்னும் கிளம்பலை மாமா. கட்டிப் போட்டிருந்துச்சு."

வாத்தியாரின் பூகோள அறிவு இதற்கு உதவவில்லை. கேப்டனே கைத்தாங்கலாகப் பிடித்துவந்து கரையில் விட்டாராம். அப்போது அக்கா முன்வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். இவன் பின்வாசல் வழியாக வெளியே வந்தான். எங்கே போவதென்று தெரியாமல் இந்த லாட்ஜுக்கு வந்து, ஒயரிங் வேலை பார்ப்பதாகச் சொல்லித் தங்கிவிட்டான். அறையும் சாப்பாடும் லாட்ஜ் கணக்கு.

"அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது மாமா. அக்கா உடைஞ்சு போயிருவா."

வாத்தியார் அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் முந்தின நாள் எகிப்து என்று சொன்னதும் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பென்சிலால் வட்டம் போட்டது ஞாபகத்துக்கு வந்தது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தார்.

"ஒரு பேப்பர் எடு. உன் கையெழுத்துல எழுது" என்றார்.

அவசரத்தில் அவர் நார்வே என்று மட்டும் சொல்லிவிட்டு டியூஷனுக்கு ஓடினார். மிச்சத்தை மைத்துனனே கற்பனை செய்தான். கடிதம் வகுப்பில் வாசிக்கப்பட்டபோது நிலைமை முற்றியது.

"'வடகோடிக்கு வந்திருக்கிறேன். இங்கே நள்ளிரவிலும் சூரியன் சுள்ளென்று அடிக்கிறது'ன்னு எழுதியிருக்கான் சார்" என்றாள் குண்டூசி. "இப்ப டிசம்பர். டிசம்பர்ல அங்க பகல்லயே சூரியன் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முப்பத்தெட்டு முகங்கள் அவரை நோக்கித் திரும்பின. தான் நடத்திய பாடம் இவ்வளவு நன்றாக மண்டையில் ஏறியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அவனுக்குக் காய்ச்சல். உளறியிருப்பான்" என்றார்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றே முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தாளப்பனுக்குக் கடிதம் எழுதினார்கள். மறுநாள் அவருடைய மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, என் தம்பிக்குக் காய்ச்சலாமே? குண்டூசியோட அம்மா சொல்றாங்க. ஊருக்கே தெரியுது, என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"காய்ச்சல் தாளப்பனுக்குத்தான்."

"அட்டைக்குக் காய்ச்சல் வருமா?"

வாத்தியார் விட்டத்தைப் பார்த்தார்.

"நார்வேன்னா குளிரா இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டு அவள் பெட்டியிலிருந்து ஒரு கம்பளி ஸ்வெட்டரை எடுத்தாள். "இதை அவனுக்கு அனுப்பிடுங்க. போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் போன வெளிநாட்டுப் பார்சல் அதுவாகத்தான் இருக்கும். லாட்ஜ் அறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே, கொதிக்கிற மத்தியானத்தில் மைத்துனன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றான். பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பனிமலையாகக் கட்டினார்கள். வாத்தியார் தலையணைப் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து அவன் தலையில் தூவினார்.

"நடுங்குடா."

"வேர்க்குது மாமா."

"வேர்க்கிறதைத் துடைச்சிட்டு நடுங்கு."

அந்தப் போட்டோவை மனைவி வெகுநேரம் பார்த்தாள். வாத்தியாருக்கு அந்த நேரம் ஒரு யுகமாகப் போனது.

"பரவால்ல. முகம் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இனி வம்பே வேண்டாம் என்று அடுத்த கடிதத்தை வாத்தியாரே வரிவரியாகச் சொல்லி எழுதவைத்தார். ஒரு பக்கம் பெரிய மலைத்தொடர், ஒரு பக்கம் பெரிய சமுத்திரம், நடுவில் நாடா மாதிரி நீண்ட நாடு. பிழையில்லாத துப்பு. பிள்ளைகள் சிலி என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஸ்கேல் கையில் நூலுடன் எழுந்து வந்தான்.

"சார், உலக உருண்டையில நூல் வெச்சு அளந்தேன். நார்வேலேருந்து சிலிக்குக் கடல் வழியா சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர். சரக்குக் கப்பல் நாளைக்கு அறுநூறு போகும்னு நீங்க சொன்னீங்க. இருபத்து மூணு நாள் ஆகும். தாளப்பன் ஆறே நாள்ல போயிட்டானே?"

இந்த மாதிரி ஒரு மாணவன் கிடைக்க மாட்டானா என்று பதினாலு வருஷம் ஏங்கியவர்தான் வாத்தியார். கிடைத்த நேரம்தான் சரியில்லை.

"விமானத்துல போனான்."

"அப்போ உங்க மச்சான் கப்பலை விட்டு இறங்கிட்டாரா சார்?"

மணி அடித்தது. வாத்தியார் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

மனைவி வரைபடத்துக்கு முன்னால் பென்சிலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "என் தம்பி கப்பல்லேருந்து இறங்கிட்டானாமே?"

"யார் சொன்னது? தாளப்பனை மட்டும் கவர்ல போட்டு விமானத்துல அனுப்பினான். பயல் கப்பல்லதான் இருக்கான்."

"சரி, கப்பல் எங்க இருக்கு?"

"நடுக்கடல்ல."

"எந்த இடத்துல வட்டம் போடட்டும்?"

வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு இடத்தைக் காட்டினார். அவள் வட்டம் போட்டாள். பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க ஏங்க இப்படி இளைச்சுப் போறீங்க?" என்றாள். அந்த நிமிஷமே உண்மையைக் கொட்டிவிடலாமா என்று வாத்தியாருக்குத் தோன்றியது. தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குண்டூசி வகுப்பின் சார்பில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தாள். தாளப்பனுக்கு உடம்பும் சரியில்லை, திசையும் தெரியவில்லை, ஆகையால் உடனே திரும்பி வர வேண்டும். திங்கள்கிழமை அவனை வரவேற்கத் தலைமையாசிரியை வருகிறார். அவனைப் பத்திரமாகக் கொண்டுபோன மாலுமியின் அக்கா என்பதால் சாரின் மனைவியையும் பிள்ளைகளே நேரில் போய் அழைத்துவிட்டார்கள்.

"அவங்க வர்றேன்னு சொல்லிட்டாங்க சார்" என்றாள் குண்டூசி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாத்தியார் லாட்ஜுக்குப் போனார். தாளப்பன் மேசைமேல் மல்லாக்கக் கிடந்தான். மூன்று கண்டங்களைச் சுற்றியவனின் உடம்பில் ஒரு மடிப்புகூட இல்லை. மைத்துனன் அவனை உப்புத் தண்ணீரில் நனைத்து ஜன்னலில் காயவைத்தான். வாத்தியார் தாளப்பனின் முழங்காலைக் கொஞ்சம் கசக்கினார். பிறகு இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கடைசிக் கடிதத்தை ஆரம்பித்தார்கள். 'அன்புள்ள பிள்ளைகளே' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

"நாளைக்கு அக்கா எல்லார் முன்னாலயும் மேடையில நிப்பா" என்றான் மைத்துனன். "என்னைப் பத்திப் பெருமையாப் பேசுவா. அதை நினைச்சா வாந்தி வருது மாமா."

"உனக்கு எதுக்குத்தான் வராது?"

அவன் சிரிக்கவில்லை. அழுதான். சின்னப் பிள்ளையாய்த் தோளைக் குலுக்கி அழுதான். "சொல்லிரலாம் மாமா. அடிச்சாலும் பரவால்ல. அவ முகத்தைப் பார்த்து ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

"அடிக்க மாட்டாடா. அடிச்சாக்கூடத் தேவலை. ஒண்ணும் பேசாம அந்த வரைபடத்தைக் கிழிச்சு எடுப்பா. அதை நான் நின்னு பார்க்கணும்." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ சந்தோஷமா இருக்கிறதைப் பார்க்கவாவது நான் இந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாத்தணும். அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. ஆயுசுக்கும் தெரியக் கூடாது."

கதவு தட்டப்பட்டது.

மைத்துனன் கட்டிலுக்கு அடியில் பாதி நுழைந்துவிட்டான். வாத்தியார் தாளப்பனை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மெதுவாகக் கதவைத் திறந்தார்.

லாட்ஜ் மேனேஜர் நின்றிருந்தார். கையில் நாலடுக்கு டிபன் கேரியர். உள்ளே வந்து அதை மேசைமேல் வைத்து, இரண்டு தட்டுகளைத் துடைத்துப் போட்டார்.

"நம்ம லாட்ஜுல அடுப்பே கிடையாதுங்க சார், கப்பல் போன அன்னிலேருந்து இந்தத் தம்பிக்கு மூணு வேளையும் சாப்பாடு குடுத்தனுப்புற இவரோட அக்கா, இன்னைக்கு வாத்தியாரும் இங்கதான் இருப்பாரு, ரெண்டு பேரும் ஆறுறதுக்குள்ள சாப்பிட்டுட்டு நாளைக்கு நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வரணும்னு சொல்லச் சொன்னாங்க."