பந்து: உள்ளது

ஒரு காட்டில் ஓர் அழுங்கு இருந்தான். அவனிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கதைக்கு இந்த இரண்டும் போதும் என்றாலும், அவனுக்குச் செவந்தி என்று ஒரு மனைவியும் இருந்தாள். அவள் இல்லாவிட்டால் இந்தக் கதை பாதியிலேயே அருவிப் பள்ளத்தில் விழுந்திருக்கும்.

அழுங்கு என்றால் உடம்பெல்லாம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரிச் செதில் அடுக்கிய பிராணி. எறும்புதான் சாப்பாடு. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு உருண்டையாகிவிடும். நம் அங்கமுத்துவும் அப்படித்தான். ஆனால் மற்ற அழுங்குகளுக்குப் புற்றைக் கண்டால் நாக்கு ஊறும். இவனுக்கோ, அருவிக்குக் குளிக்க வந்த மனிதர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைக் கண்டால் நகம் பரபரக்கும்.

"திரை மட்டும்தான் உடைஞ்சிருக்கு புள்ள! பேட்டரி உயிரோட இருக்கு!" என்று ஒரு செத்த போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

"எறும்பு கொண்டாங்கன்னா இரும்பு கொண்டாறீங்க" என்பாள் செவந்தி.

அந்தக் குப்பையிலிருந்து அவன் கையடக்க கேம் பெட்டிகள் செய்தான். யாருக்குச் செய்கிறானோ அவர்கள் கைக்கு ஏற்ற மாதிரி. மலையணிலுக்குச் சோப்பு டப்பாவில் ஒன்று. கடமானுக்குக் குளம்பு பெரிது என்பதால் டிபன் பாக்ஸில் இரண்டு கேரம் ஸ்ட்ரைக்கர்களைப் பதித்துப் பொத்தானாக்கினான். மந்திக்கு, கை இரண்டும் கிளையைப் பிடித்திருக்கும் என்பதால், வாலால் அமுக்கும் பொத்தான். ஒருநாள் இருவாச்சிப் பறவை ஒருவர் வந்து நின்றார். முட்டையிட்ட மனைவி மரப்பொந்தின் வாயைச் சுவர் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கிறாள், மூன்று மாதம் வெளியே வரமாட்டாள், பேச்சுத் துணையில்லாமல் தன்னைத் திட்டித் தீர்க்கிறாள் என்றார். அங்கமுத்து பொந்தின் வாய்ப் பிளவை அளந்து பார்த்து, ஸ்கேல் அகலத்தில் ஒரு கேம் பெட்டி செய்து உள்ளே நீட்டினான். குஞ்சு பொரித்து, சிறகு முளைத்து, சுவரை உடைத்த பிறகும் அந்த அம்மாள் வெளியே வரவில்லை. "இன்னும் ஒரே ஒரு லெவல்" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் பஜ்ஜி சுற்றிய பத்திரிகைத் தாளில் ஒரு படத்தைப் பார்த்தான். பின்பால் இயந்திரம். ஒரு சாய்வான பலகை. அதன் மேல் முனைக்கு ஸ்பிரிங் ஒரு பந்தை அனுப்புகிறது. பந்து முட்டும் இடமெல்லாம் மணி அடிக்கிறது. கீழே விழப்போகும்போது இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அவன் பஜ்ஜியையும் தொடவில்லை, எறும்பையும் தொடவில்லை.

"யானையும் ஆடணும், அணிலும் ஆடணும். அந்த அளவுக்குப் பெருசா செய்யப்போறேன்" என்றான்.

கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த லாரியின் பின்கதவு பலகையானது. ஜீப்பின் ஸ்பிரிங் பந்தைத் தள்ளும் விசையானது. கவிழ்த்த அலுமினியச் சட்டிகளில் டயர் ட்யூபைச் சுற்றி முட்டுத்தாங்கிகள் செய்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சைக்கிள் மணி. துடுப்புக்கு இரண்டு கிரிக்கெட் மட்டைகள், அவற்றைச் சுழற்ற ஆளுக்கொரு நெம்புகோல். மூன்று கால்குலேட்டர்களை ஒட்டவைத்து மதிப்பெண் காட்ட வைத்தான். பந்துதான் கிடைக்கவில்லை. கடைசியில் அதுவும் கிடைத்தது. மலையடிவாரப் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் யாரோ அளவுக்கு மீறி நன்றாக எறிந்துவிட்ட இரும்புக் குண்டு, புதருக்குள் விளாம்பழம் போலக் கிடந்தது.

அருவிக்கு மேலே உள்ள பாறையில் இயந்திரத்தை நிறுத்தினான். முதல் மணி அடித்த சத்தம் கேட்டுக் காடே கூடியது. கூட்டத்தோடு காட்டு அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸும் வந்தது.

உருளும், குதிக்கும், ஒலியெழுப்பும் சாதனங்களுக்கு உரிமம் வேண்டுமாம். படிவம் ஒன்பது, மூன்று நகல், கூடவே பந்தின் மாதிரி. அதுவரை யாரும் ஆடக்கூடாது. பந்து விழுந்து சேரும் பெட்டிக்குத் தனிப் படிவம் என்பதால், அவன் கீழே பொருத்தியிருந்த பெட்டியையும் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். பலகையின் கீழ்முனைக்கு அப்பால் இப்போது பாறை விளிம்பு, அதற்கு அப்பால் அருவிப் பள்ளம்.

காட்டு அலுவலகத்தில் அங்கமுத்து மூன்று நாள் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற ஆமை, போன ஆண்டு இதே வரிசையில் சேர்ந்தவராம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கவுண்டரில் எழுத்தர் சுருளிவேல் சார் இருந்தார். மலைப்பாம்பு. அவரிடம் போன கோப்பு செரிக்க ஆறு மாதமாகும் என்பது ஊரறிந்த விஷயம்.

"தகப்பன் பேரு எழுதியிருக்க. வால் நீளம் எங்க?"

"எழுதிட்டேன் சார், கீழ."

"பந்து?"

அங்கமுத்து இரும்புக் குண்டைக் கவுண்டரில் வைத்தான். சார் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். அவருக்கு இமையே கிடையாது, அது வேறு விஷயம்.

"வச்சிட்டுப் போ. சோதனை பண்ணணும்."

"திரும்பக் கிடைக்குமா சார்? ஒண்ணுதான் இருக்கு."

"அரசாங்கத்துக்குள்ள போன பொருள் எங்கயும் போயிடாது" என்று ஒரு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அங்கமுத்து அதை மடித்துச் செதிலுக்கு அடியில் செருகிக்கொண்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினான்.

ஒரு வாரம் கழித்துச் செவந்தியோடு போனான். சார் அதே இடத்தில் நீளமாகப் படுத்திருந்தார். தலை அதே அளவு, வால் அதே அளவு, நடுவில் மட்டும் விளாம்பழ அளவுக்கு ஒரு மேடு.

அங்கமுத்து மேட்டைப் பார்த்தான். செவந்தியும் பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள்.

"சார், என் பந்து..."

"ஆய்வுல இருக்கு."

"எப்ப சார் வரும்?"

"உரிய வழியில வரும்" என்றார் சுருளிவேல் சார், கொஞ்சம் வலியோடு.

"உள்ளதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியுது" என்றாள் செவந்தி உரக்க. அங்கமுத்து அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். அரசாங்க ஊழியரைத் தட்டிப் பார்ப்பது குற்றம் என்று சுவரில் எழுதியிருந்தது.

வேறு பந்து தேடினான். விளாம்பழம் முதல் முட்டிலேயே உடைந்தது. கல் சைக்கிள் மணியை உடைத்தது. தேங்காய் நன்றாகத்தான் உருண்டது, மந்தி அதைக் குடித்துவிட்டது. அதற்குள் உரிமத்துக்காக இயந்திரத்தைப் பார்வையிடும் ஆய்வு நாள் வந்துவிட்டது.

ஆய்வாளர் மங்களேஸ்வரி அம்மா யானை. நியாயமானவர். விதியில் இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் மிதிப்பார். அவர் மிதித்த பிறகு மேல்முறையீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. பாறையைச் சுற்றி அணில், கடமான், மந்தி, இருவாச்சிக் குடும்பம் எல்லாரும் கூடியிருந்தார்கள். சுருளிவேல் சார் நெளிந்து நெளிந்து வந்து, மூச்சு வாங்கப் படிவத்தைப் படித்தார்.

"பலகை: உள்ளது. ஸ்பிரிங்: உள்ளது. மணி: உள்ளது. பந்து: இல்லை."

"பந்து இல்லேன்னா இது இயந்திரம் இல்லையே. ஆணி அடிச்ச சாய்வுப் பலகை. குளம்புல குத்தும். அகற்றணும்" என்றார் அம்மா.

"அம்மா! பந்து உங்க ஆபீஸ்லதாம்மா இருக்கு! ரசீது வச்சிருக்கேன்!"

செதிலுக்கு அடியிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினான். அம்மா அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். "பெறப்பட்டது: முட்டை, ஒன்று."

அங்கமுத்து அதை அதுவரை பிரித்துப் பார்த்ததே இல்லை. கூட்டம் சுருளிவேல் சாரைப் பார்த்தது. சார் ஒரு எறும்பைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டைக்கு நான் என்னப்பா பண்ண முடியும்?" என்று அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு முன்னங்காலைத் தூக்கினார்.

அங்கமுத்துவுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நாலு மாதம் வேலை செய்திருக்கிறான். ஒவ்வொரு ஆணியும் அவன் கைப்பட அடித்தது. விறுவிறுவென்று பலகை மேல் ஏறி, உச்சியில் போய் இரண்டு காலில் நின்றுகொண்டான்.

"மிதிக்கிறதா இருந்தா என்னையும் சேர்த்து மிதிங்கம்மா! நான் ஒரு அடி நகர மாட்டேன்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. செவந்திக்கே பெருமையாக இருந்தது. யானையின் பாதம் அவன் தலைக்கு மேலே வந்து, சூரியனை மறைத்தது. அந்த நிழல் விழுந்ததுதான் தாமதம், அவன் மனம் உறுதியாக நின்றது, உடம்பு நிற்கவில்லை. தலை வயிற்றுக்குள் போனது, வால் தலையைச் சுற்றியது, வீரன் உருண்டையாகிவிட்டான்.

பலகையோ சாய்வு. உருண்டை உருண்டது.

டிங்! முதல் சட்டியில் முட்டினான். டிங், டிங்! இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் பாய்ந்தான். அங்கிருந்து நேராகக் கீழே. கீழே பெட்டி இல்லை. பள்ளம்தான்.

"ஏங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்த செவந்தி, கைக்கு அகப்பட்ட நெம்புகோலை இழுத்தாள். இடது மட்டை சுழன்று வந்து புருஷனை ஓங்கி அறைந்தது. அவன் மறுபடி உச்சிக்குப் போனான். மணிகள் அடித்தன. கால்குலேட்டரில் எழுநூறு ஏறியது.

"விரிஞ்சிடுங்க! நில்லுங்க!" என்று கத்தினாள். நிற்க முடிந்தால் அவன் ஏன் உருளப்போகிறான்? மறுபடி இறங்கினான், மறுபடி தட்டினாள். இடது, வலது, இடது. விட்டால் பள்ளம்.

உள்ளே அங்கமுத்துவுக்கு ஒரே இருட்டு. தன் வயிற்றின் மண்வாசனை. செதிலெல்லாம் அதிர்ந்தது. செத்தோம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு மணிச் சத்தத்தைக் கேட்டான். இரண்டாவது சட்டி சுருதி சுத்தமாக இருந்தது. இடது மட்டையின் ஸ்பிரிங் ஒரு சுற்று கூடுதல் இறுக்கம். வலது பக்க வளைவில் நினைத்ததை விட வழவழப்பாகத் திரும்பினான். படம் பார்த்துச் செய்தது, ஒருமுறைகூட முழுதாக ஓடிப் பார்க்காதது, ஓடுகிறது! அந்த இருட்டுக்குள் அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். வெளியே அது பந்தின் சத்தமாகக் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

"ஏங்க, மூவாயிரம் தாண்டிடுச்சு!" என்று செவந்தியின் குரல் கேட்டது. அதில் முன்பிருந்த அழுகை இல்லை.

அம்மாவின் கால் மெதுவாகக் கீழே இறங்கி வந்து, வெறும் பாறையில் பதிந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் மணிக்குத் தக்கபடி ஆடின. "தள்ளும்மா, நான் ஒரே ஒரு தடவை" என்று துதிக்கையை நீட்டினார். ஒரு தடவை முடிய ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் விளிம்பைத் தாண்டப்போன உருண்டையைத் துதிக்கையால் பிடித்து நிறுத்திவிட்டு, "சுருளிவேல், எழுதிக்கோங்க" என்றார். "பந்து: உள்ளது."

உரிமம் அங்கேயே எழுதப்பட்டது. பந்தின் பொருள், செதில். நிறம், பழுப்பு. பந்தை மாற்றினால் உரிமம் ரத்து. சுருளிவேல் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றே மருத்துவ விடுப்பில் போனார்.

தலைசுற்றல் நின்று எழுந்த அங்கமுத்து, அதைப் படித்துப் பதறினான். "அம்மா, நான் பந்து இல்லம்மா. நான்தான் இதைச் செஞ்சவன்."

அம்மா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "செஞ்சவர்னு கட்டமே இல்லையேப்பா" என்றார்.

மறுநாளிலிருந்து காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அங்கமுத்து உருண்டான். மதியம் அரை மணி எறும்பு இடைவேளை. இயந்திரத்தில் கல்வெட்டு பதித்தார்கள். ஆய்வாளர் பெயரும் எழுத்தர் பெயரும் இருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் அவனுக்கு நிரந்தரப் பணி ஆணை வந்தது. பதவி: பந்து, முதல் நிலை. ஓய்வூதியம் உண்டு.

"எடுத்துக்கோங்க" என்றாள் செவந்தி. இப்போது அவள்தான் காட்டின் சிறந்த ஆட்டக்காரி. "கேம் பெட்டியெல்லாம் வேலை முடிஞ்சு வந்து செய்யலாம்." வேலை முடிந்து வந்தால் அவனுக்கு ஸ்க்ரூடிரைவர் இரண்டாகத் தெரிந்தது.

பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு குழு வந்தது. தலைவர் காட்டெருமை. இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "அடேயப்பா, யார் செஞ்சது இது?" என்றார்.

"நான்தாங்க" என்றான் அங்கமுத்து, பலகை மேலிருந்து.

குழு விழுந்து விழுந்து சிரித்தது. "உங்க பந்துக்கு நல்ல நகைச்சுவை உணர்வு" என்று காட்டெருமை செவந்தியைப் பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவர்கள் காட்டிலும் பின்பால் தொடங்கப்போகிறார்கள். பலகையை எப்படியாவது தேற்றிக்கொள்வார்கள். பந்துகளுக்குத்தான் பயிற்சி வேண்டும்.

வாரம் ஒருநாள் அங்கமுத்து அங்கே வகுப்பெடுக்கப் போனான். முதல் நாளே நாற்பது பேர். முள்ளெலிகள், மரவட்டைகள், சில அழுங்குகள். எல்லாரும் அரசாங்க வேலைக்குக் காத்திருப்பவர்கள். நூற்றிருபது வயது ஆமை ஒருவரும் முன்வரிசையில் இருந்தார்.

அங்கமுத்து உற்சாகமாகக் கரும்பலகையில் ஒரு ஸ்பிரிங்கை வரைந்தான். இழுவிசை எப்படி வருகிறது, சட்டிக்குள் மணியை எந்தக் கோணத்தில் தொங்கவிட வேண்டும், பழைய போனிலிருந்து பேட்டரியை உடையாமல் எடுப்பது எப்படி என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினான். நாற்பது பேரும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முள்ளெலி கை தூக்கினார்.

"ஐயா, இது பரீட்சைக்கு வருங்களா?"

அங்கமுத்து பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"வராது" என்றான்.

ஸ்பிரிங்கை அழித்தான். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மேசை மேல் ஏறினான்.

"சரி. எல்லாரும் தலையை உள்ள இழுங்க."

நீதி: ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் உருண்டையாக இரு.