லொறிமேல் நின்று லொறி கேட்டவர்

சமூகத்தின் கண்ணீரைத் துடைப்பதற்கென்றே பிறந்து, துடைப்பதற்குமுன் அது போதுமான அளவு வழிகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும் ஒரு கலைஞர் இனம் நம்மிடையே உண்டு. பிரச்சினை நாடகாசிரியர் என்பது அதன் பெயர்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியை நோக்கி நகரும்போது, இவர் மட்டும் மூலையில் கண்கலங்கி நிற்கும் பெண்ணை நோக்கி நகர்வார். ஆறுதல் சொல்லவா? இல்லை. கதைக்கரு கேட்க. மண்சரிவு, வேலைநிறுத்தம், மாமியார் சண்டை, எதைச் சொன்னாலும் "எத்தனை சீன் வரும்?" என்பதுதான் இவருடைய முதல் கேள்வி. இவருடைய மேடையில் ஏழை சிரிக்கக்கூடாது. இருமலாம்.

பதுளை பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஷுக்ரி நானா இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற பிறவி. கெட்டவரல்ல, நாடகம் இல்லாத நாட்களில் மிக நல்லவர். எழுபதுகளின் நடுவில் அவர் 'ஆஸ்பத்திரி தூரம்' என்றொரு நாடகம் எழுதினார். மலைத்தோட்டத்துப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி வருகிறது, கொண்டுபோக வாகனமில்லை, தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டால் துரை மறுக்கிறார், அவள் இறந்துபோகிறாள், அவள் புருஷன் வானத்தைப் பார்த்து மிக நீண்ட வசனம் பேசுகிறான். புருஷன் யார் என்று சொல்லவேண்டுமா? நானாதான். மனைவி, தபால் கந்தோரில் வேலை பார்த்த அற்புதராஜ். சேலை கட்டி, வயிற்றில் தலையணை வைத்துக்கொள்வார். தொப்பியும் அரைக்காற்சட்டையும் அணிந்த கொடிய துரை, நானாவின் கடை லொறி ட்ரைவர் ஸரூக்.

பதுளையில் நாடகத்தைப் பார்த்தவர்கள் தேம்பினார்கள். நானாவுக்கு அது போதவில்லை.

"இதைத் தோட்டத்து ஆக்களுக்கும் காட்டணும். அவங்கட கஷ்டம் அவங்களுக்கே தெரியாம ஈக்கு" என்றார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், நாடகம் ஏற்பாடாயிற்று. மேடை போடப் பலகை கிடைக்கவில்லை. தாங்கள் வந்த கடை லொறியையே நிறுத்தி, பக்கப் பலகைகளை இறக்கி, பின்னால் ஒரு திரையைக் கட்டி, அதையே மேடையாக்கினார்கள்.

மூன்றாம் சீனில் அற்புதராஜ் பாயில் கிடந்து முனகினார். சனங்களின் நடுவிலிருந்து இன்னொரு முனகல் எழுந்தது. தம் எழுத்து மக்களின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டது என்று நானா நினைத்தார். அடிவயிறு என்பது மட்டும் சரி.

லூக்காஸ் என்ற தொழிலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு லொறியருகே ஓடிவந்தான்.

"ஐயா, எம் பொஞ்சாதி செபஸ்தியம்மாவுக்கு வலி கண்டிருச்சுங்க. இன்னும் மாசம்கூட நெறையலீங்க. தோட்டத்து லொறி பழுதாகி கராஜ்ல கெடக்கு. ஒங்க லொறியக் குடுங்கய்யா!"

நானா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "தம்பி, நான் அதைத்தானே பேசிக்கிட்டு ஈக்கேன். கொஞ்சம் பொறுங்க. முடிவைப் பார்த்தா உங்களுக்கு ஒரு விழிப்பு வரும்."

"விழிப்பு வேணாங்கய்யா. லொறி போதுங்க."

நானா நிமிர்ந்தார். மைக்கைத் திறந்தார். விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தார்: "இந்த மலையெங்கும் தேடினேனே! ஒரு லொறி... ஒரேயொரு லொறி எனக்குக் கிடைக்கவில்லையே!"

அவர் காலால் ஓங்கி உதைத்த உதையில் லொறி ஒருமுறை குலுங்கியது.

இந்த இடத்தில் துரை வந்து "முடியாது" என்று சொல்லவேண்டும். ஸரூக் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். நாலைந்து பெண்கள் செபஸ்தியம்மாவைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

"எறங்குங்க நானா. வண்டி எடுக்கணும்."

"ஸரூக், இன்னும் சாவு சீன் ஈக்கே!"

"அதனாலதான் எடுக்கப் போறேன்."

பெண்கள் செபஸ்தியம்மாவை மேடையில் ஏற்றினார்கள். அற்புதராஜ் பாயைவிட்டு எழுந்து, வயிற்றிலிருந்த தலையணையை உருவி அவள் தலைக்கு வைத்தார். லூக்காஸும் ஏறிக்கொண்டான். நானாவும் அற்புதராஜும் இறங்கவில்லை, இறங்குவதற்குள் மேடை புறப்பட்டுவிட்டது. தொப்பி போட்ட துரையே தொழிலாளியின் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போவதைக் கண்டு, அன்று முதன்முறையாகச் சனங்கள் கைதட்டினார்கள்.

பசறை ஆஸ்பத்திரிக்கு இறங்கும் அந்தப் பாதையில் வளைவுகள் அதிகம், குழிகள் அதைவிட அதிகம். ஒரு குலுக்கலில் செபஸ்தியம்மா கைக்கு எட்டியதைப் பற்றினாள். அது நானாவின் கை. அவள் "மாதாவே, மாதாவே" என்று அழைத்தாள். நானா வாய்க்குள் துஆ ஓதினார். கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. வழி முழுவதும் வசனம் ஒன்றும் பேசவுமில்லை. அவருடைய கலை வாழ்க்கையில் மிகச் சிறந்த சீன் அதுதான், பார்க்க ஆளில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர் சேலையும் உதட்டுச்சாயமுமாக நின்ற அற்புதராஜைத்தான் முதலில் உள்ளே வரச்சொன்னார். குழப்பம் தீர்ந்து, பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். லூக்காஸ் நானாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானாவும் அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு ஸரூக்கைத் தனியே அழைத்தார்.

"இதை நாடகத்தில சேர்க்கணும் ஸரூக். ஆனா, தாய் பொழைச்சிட்டா சனம் எப்படி அழும்?"

யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்துச் சேர்த்தார். அடுத்த ஆண்டு பண்டாரவளையில் மேடையேறிய நாடகத்தில், யாரும் கேட்காமலேயே ஒரு வள்ளல் தன் லொறியைக் கொடுக்கிறார். வள்ளல் நானா. துரையின் சதியால் லொறி தாமதமாகிறது, தாய் இறக்கிறாள். மண்டபமே அழுதது. சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட செபஸ்தியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடித் தங்கச்சி நாடகம்?" என்று நானா வந்து கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க. பாவங்க, செத்துப்போன அந்தப் பொம்பள யாருங்க?"

"நீங்கதான்!" என்றார் நானா, பெருமையோடு.

நானாவைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. மடுல்சீமைப் பெண்ணுக்காக உங்கள் மனம் கொஞ்சம் பதைத்துமிருக்கலாம், அதுவும் நல்லதுதான். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, தலை நிமிராமல் "ம்... ம்..." என்றீர்களே. என்ன விஷயம் என்று கேட்டீர்களா?